மார்பிள் குயின் மணி பிளாண்ட்: வெள்ளை வரி மங்காமல் வீட்டுக்குள் வளர்ப்பது எப்படி?

நர்சரியில் வாங்கும்போது இலையெல்லாம் கோலமாவு சிந்தியதுபோல் பாதி வெள்ளையும் பாதி பச்சையுமாக இருந்த மணி பிளாண்ட், ஆறே மாதத்தில் வெறும் பச்சைக் கொடியாகிவிடுகிறது. சில வீடுகளில் வெள்ளைப் பகுதி மட்டும் பழுப்பாகிக் கருகுகிறது. இன்னும் சில வீடுகளில் தொட்டி மேலே மொட்டையாகி, நாலு நீளக் கொடிகள் மட்டும் நுனியில் இலையோடு தொங்குகின்றன. மார்பிள் குயின் வளர்ப்பவர்கள் சொல்லும் குறைகளில் பெரும்பாலானவை இந்த மூன்றுக்குள் அடங்கிவிடும்.

முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள். இலையின் வெள்ளைப் பகுதியில் பச்சையம் கிடையாது. அது உணவு சமைக்காது. பக்கத்தில் இருக்கும் பச்சைப் பகுதி சமைத்ததைத்தான் அதுவும் சாப்பிடுகிறது. சாதாரண மணி பிளாண்ட்டில் முழு இலையும் வேலை செய்யும், இதில் பாதி இலைதான். அதனால் இதற்கு வெளிச்சம் கூடுதலாக வேண்டும். வளர்ச்சி மெதுவாக இருக்கும். மெதுவாக வளர்வதால் தண்ணீரும் உரமும் குறைவாகவே செலவாகும். பச்சை மணி பிளாண்ட்டை வளர்த்த பழக்கத்தில், இருட்டு மூலையில் வைத்துத் தினமும் தண்ணீர் ஊற்றினால் இது தாங்காது.

வாங்கும்போது தண்டைப் பாருங்கள்

நர்சரிக்காரர்கள் ஒரு தொட்டியில் நான்கைந்து தண்டுத் துண்டுகளைச் சேர்த்து நட்டிருப்பார்கள். மேலே இருக்கும் அழகான இலையை மட்டும் பார்த்து வாங்காதீர்கள். ஒவ்வொரு தண்டையும் அடியிலிருந்து நுனிவரை கண்ணால் பின்தொடருங்கள். தண்டிலும் இலைக்காம்பிலும் வெள்ளைக் கோடும் பச்சைக் கோடும் மாறிமாறி ஓடினால், அடுத்து வரும் இலைகளும் வரியோடு வரும். தண்டு ஒரே பச்சையாக இருந்தால், மேலே இரண்டு இலை வெள்ளையாக இருந்தாலும் அது பச்சைக்குத் திரும்பும் கொடி. தண்டு முழுக்க வெள்ளையாக இருப்பதையும் தேர்ந்தெடுக்க வேண்டாம். பார்க்க அழகுதான், ஆனால் அது சொந்தமாகப் பிழைக்காது.

வெள்ளை வரிக் கொடிகளில் மூன்று நான்கு ரகங்களை நர்சரிகளில் விற்கிறார்கள், ஆகவே அடையாளம் தெரிந்திருப்பது நல்லது. மார்பிள் குயினில் வெள்ளை, இலை முழுவதும் தூவியதுபோல் பரவியிருக்கும். என்ஜாய் ரகத்தில் இலை சிறியது, வெள்ளையும் பச்சையும் திட்டுத்திட்டாகத் தெளிவாகப் பிரிந்திருக்கும். பேர்ல்ஸ் அண்ட் ஜேட், மார்பிள் குயினிலிருந்து அமெரிக்காவின் புளோரிடா பல்கலைக்கழகத்தில் உருவாக்கிய ரகம். அதன் வெள்ளைத் திட்டுகளுக்குள் பச்சைப் புள்ளிகள் இருக்கும். மஞ்சுளாவின் இலை அகலமாக, ஓரம் அலையலையாக வளைந்திருக்கும். பராமரிப்பு எல்லாவற்றுக்கும் ஒன்றுதான். வெள்ளை எவ்வளவு அதிகமோ, வளர்ச்சி அவ்வளவு மெதுவு. முதல்முறை வளர்ப்பவர்களுக்கு மார்பிள் குயின்தான் சரி. என்ஜாயும் மஞ்சுளாவும் தண்ணீர் விஷயத்தில் தவறு செய்தால் மன்னிக்காது.

வீட்டுக்குக் கொண்டுவந்ததும் மற்றச் செடிகளோடு சேர்க்காமல் இரண்டு வாரம் தனியாக வையுங்கள். இலையின் அடிப்புறம், காம்பு தண்டோடு சேரும் இடுக்கு இரண்டிலும் பஞ்சு ஒட்டியதுபோல் ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள். அது மாவுப்பூச்சி. முதல் வாரமே தொட்டி மாற்ற வேண்டாம். நர்சரியின் பசுமை நிழல்வலைக்கு அடியில் இருந்த செடி, வீட்டு வெளிச்சத்துக்குப் பழகும்வரை விடுங்கள். அந்த நாட்களில் அடியிலை ஒன்றிரண்டு மஞ்சளாகி உதிர்வது இயல்பு.

வெளிச்சம்: இதில்தான் எல்லாம் இருக்கிறது

பெரும்பாலான வீடுகளில் நடக்கும் தவறு, வெளிச்சத்தை மனிதக் கண்ணால் அளப்பதுதான். ஜன்னலிலிருந்து பத்தடி தள்ளி உட்கார்ந்து நாளிதழ் படிக்க முடியும். மார்பிள் குயின் அங்கே வளராது.

ஒரு சோதனை செய்து பாருங்கள். பகல் 12 மணி அளவில், செடி வைக்க நினைக்கும் இடத்தில் ஒரு வெள்ளைத் தாளை வைத்து, அதற்கு ஓரடி மேலே கையை நீட்டுங்கள். விரல்கள் பிரிந்து தெரியும் அளவுக்கு, ஓரம் சற்று மங்கலான நிழல் விழுந்தால் அதுதான் இடம். கத்தியால் வெட்டியதுபோல் கறுத்த நிழல் விழுந்தால் நேர்வெயில், இலை கருகும். நிழலே தெரியாவிட்டால் கொடி பிழைத்திருக்கும், ஆனால் புது இலைகள் ஒவ்வொன்றும் முந்தியதைவிடப் பச்சையாக வரும்.

கிழக்கு ஜன்னல் சிறந்தது. காலை 8 அல்லது 8.30 வரை விழும் இளவெயில் நல்லது. வடக்கு ஜன்னலும் போதும், ஆனால் இரண்டடிக்குள் இருக்க வேண்டும். மேற்கு ஜன்னல் என்றால் மெல்லிய வெள்ளைத் திரை கட்டாயம். தெற்கு ஜன்னலில் ஒரு விஷயம்: தமிழ்நாட்டில் மார்கழி, தை மாதங்களில் சூரியன் தெற்கே சாய்ந்து வருவதால், ஆனி ஆடியில் வெயிலே விழாத இடத்தில் அப்போது நேர்வெயில் உள்ளே வரும். ஆறு மாதம் நன்றாக இருந்த செடி திடீரெனக் கருகுவதற்கு இதுவும் காரணம்.

ஜன்னலே வாய்ப்பில்லாத வீட்டில் சாதாரண 20 வாட் எல்இடி டியூப் போதும். 6500 கெல்வின் என்று அட்டையில் போட்டிருக்கும் வெள்ளை ஒளி டியூப்பைச் செடிக்கு ஓரடி முதல் ஒன்றரை அடி மேலே மாட்டி, நாளுக்கு 12 மணி நேரம் எரியவிடுங்கள். ஊதா நிறத்தில் எரியும் விலை கூடிய விளக்குகள் இதற்குத் தேவையில்லை.

ஜன்னல் பக்கம் இருக்கும் கொடி மட்டும் செழிக்கும், சுவர்ப்பக்கம் இலை உதிரும். வாரம் ஒருமுறை தொட்டியைக் கால் சுற்று திருப்பினால் நாலு பக்கமும் சமமாக வளரும். வெளிச்சம் கொடியின் நுனிக்கு மட்டும் கிடைத்தால் போதாது. தொட்டியின் மேல்வாய்க்கும் வெளிச்சம் விழ வேண்டும். ஜன்னலுக்கு மேல் உயரத்தில், கூரையோடு ஒட்டி மாட்டும் தொங்குதொட்டிகள் உச்சியில் மொட்டையாவதன் காரணம் அதுதான்.

தொட்டியும் மண்கலவையும்

ஐந்து அல்லது ஆறு அங்குலத் தொட்டி போதும். இருக்கும் தொட்டியைவிட ஓரங்குலம், மிஞ்சினால் இரண்டங்குலம் பெரியதாக மட்டும் மாற்றுங்கள். பெரிய தொட்டியில் வேர் எட்டாத மண் நாள்கணக்கில் ஈரமாகவே கிடக்கும், அங்கிருந்துதான் அழுகல் ஆரம்பிக்கும். அடியில் ஐந்தாறு துளை வேண்டும்; ஒற்றைத் துளை என்றால் சூடான கம்பியால் கூடுதலாகப் போட்டுக்கொள்ளுங்கள். துளையில்லாத அழகுத்தொட்டி ஆசையாக இருந்தால், துளையுள்ள பிளாஸ்டிக் தொட்டியை அதற்குள் இறக்கி வையுங்கள்.

தோட்டத்துச் செம்மண்ணை மட்டும் போட்டு நடாதீர்கள். வீட்டுக்குள் அது இறுகிக் காற்றுப் போகாமல் அடைத்துக்கொள்ளும். மரத்தைப் பற்றி ஏறும் கொடி இது, வேருக்குக் காற்று வேண்டும். கொட்டாங்குச்சி ஒன்றை அளவாக வைத்துக்கொண்டு:

- தென்னை நார்க்கழிவு (கோகோபீட்) 4 பங்கு
- பெர்லைட் (எரிமலைப் பாறையைச் சூட்டில் பொரித்த, எடை குறைந்த வெள்ளைத் துகள்) 2 பங்கு. கிடைக்காவிட்டால் கழுவிய பருமணல்
- பட்டாணி அளவுக்கு உடைத்த அடுப்புக்கரி 2 பங்கு
- சலித்த மண்புழு உரம் 2 பங்கு
- வேப்பம்புண்ணாக்குத் தூள், ஆறங்குலத் தொட்டிக்கு ஒரு தேக்கரண்டி

கோகோபீட்டை அப்படியே போடக் கூடாது. கட்டியாக விற்கும் நார்க்கழிவில் உப்பு இருக்கும். வெள்ளைப் பகுதி ஓரம் கருகுவதற்கு இந்த உப்பும் காரணமாகிறது. 650 கிராம் கட்டியை ஒரு வாளித் தண்ணீரில் ஊறவிடுங்கள். ஊதி ஏழெட்டு லிட்டர் வரும். முதல் தண்ணீர் கடுங்காப்பி நிறத்தில் இருக்கும். பிழிந்து கொட்டிவிட்டு மறுபடி ஊறவையுங்கள். மூன்றாவது முறை தண்ணீர் இளந்தேநீர் நிறத்துக்கு வந்தால் போதும். நன்றாகப் பிழிந்த பிறகே கலக்க வேண்டும். கலவையைக் கையில் இறுக்கிப் பிடித்துத் திறந்தால் உருண்டையாக நின்று, விரலால் தட்டியதும் உதிர வேண்டும்.

பலர் தொட்டி அடியில் கல் பரப்புகிறார்கள். தண்ணீர் வடிய அது உதவாது. ஈரம் தேங்கும் மட்டம் வேருக்கு அருகே உயர்வதுதான் மிச்சம். மண் வெளியேறாமல் இருக்கத் துளைமேல் ஒரு துண்டு கொசுவலை போதும்.

தண்ணீர்

"வாரம் எத்தனை முறை?" என்ற கேள்விக்குச் சரியான பதில் கிடையாது. சுட்டுவிரலை இரண்டாவது மடிப்புவரை மண்ணுக்குள் விடுங்கள். விரலில் ஈரத்துகள் ஒட்டினால் ஊற்ற வேண்டாம். காய்ந்து, குளிர்ச்சியும் தெரியாவிட்டால் ஊற்றுங்கள். பழகிவிட்டால் தொட்டியைத் தூக்கிப் பார்த்தே சொல்லிவிடலாம். இலை லேசாகத் துவண்டு விளிம்பு உள்பக்கம் சுருளத் தொடங்குவது, செடி தாகத்தைச் சொல்லும் விதம்; ஊற்றிய சில மணி நேரத்தில் நிமிர்ந்துகொள்ளும்.

குத்துமதிப்பாகச் சொன்னால், ஆறங்குலத் தொட்டிக்குச் சித்திரை வைகாசியில் நாலைந்து நாளுக்கு ஒருமுறை, ஐப்பசி கார்த்திகை மழைக்காலத்தில் பத்துப் பன்னிரண்டு நாளுக்கு ஒருமுறை. ஊற்றும்போது அடித்துளை வழியாக வடியும்வரை ஊற்றுங்கள், சுமார் அரை லிட்டர் பிடிக்கும். அரை மணி நேரத்தில் தட்டில் வடிந்ததைக் கொட்டிவிடுங்கள். தினமும் அரை டம்ளர் ஊற்றும் பழக்கம்தான் ஆபத்து. மேல்மண் எப்போதும் ஈரமாகவும் அடிவேர் வறண்டும் போகும், அல்லது காற்றில்லாமல் வேர் மூச்சுத்திணறி அழுகும்.

போர்வெல் தண்ணீர் கடினமாக இருக்கும் ஊர்களில் மண்ணின் மேல் வெள்ளையாக உப்புப் பூக்கும். மாதம் ஒருமுறை தொட்டியைக் குளியலறைக்குக் கொண்டுபோய், தொட்டியின் கொள்ளளவைப்போல் மூன்று மடங்கு தண்ணீரை மெதுவாக ஊற்றி வடியவிட்டால் உப்பு கரைந்து போகும். மழைத்தண்ணீர் பிடித்து வைத்திருந்தால் அதைவிடச் சிறந்தது வேறில்லை.

அரிசி கழுவிய தண்ணீர், மோர்த்தண்ணீர், தேநீர்ச் சக்கை ஆகியவற்றை மாடித்தோட்டத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். வீட்டுக்குள் இருக்கும் தொட்டியில் அவை புளித்து வாடை வரும். மண்ணிலிருந்து கொசுபோல் சிறு கறுப்புப் பூச்சிகள் கிளம்பும், சர்க்கரை சேர்ந்த சக்கைக்கு எறும்பும் வரும்.

உரம் மிகக் குறைவாகத்தான் வேண்டும். தழை, மணி, சாம்பல் சத்துகள் சம அளவில் உள்ள, தண்ணீரில் கரையும் 19:19:19 உரம் லிட்டருக்கு ஒரு கிராம், மாதம் ஒருமுறை, ஈரமண்ணில் மட்டும். அல்லது இரண்டு மாதத்துக்கு ஒருமுறை இரண்டு மேசைக்கரண்டி மண்புழு உரத்தை மேல்மண்ணில் கிளறிவிடுங்கள். இரண்டில் ஒன்று போதும். புது இலை வராத காலத்தில் எதுவும் வேண்டாம்.

கத்தரிப்பு: வெள்ளை வரியைக் காப்பது இதுதான்

இந்த வேலையைச் செய்யத்தான் பலருக்கும் மனம் வருவதில்லை. ஆனால் இதைச் செய்யாமல் மார்பிள் குயினை மார்பிள் குயினாக வைத்திருக்க முடியாது. ஒரே தொட்டியில் ஒரு கொடி பச்சைக்குத் திரும்பிவிட்டால், அதன் முழு இலையும் சமைப்பதால் மற்றக் கொடிகளைவிட வேகமாக ஓடும். விட்டால் ஓராண்டில் தொட்டியே அதன் வசம்.

கொடியை நுனியிலிருந்து பின்னோக்கிப் பாருங்கள். கடைசியாக நல்ல வரியோடு வந்த இலை எது? அந்த இலை தண்டோடு சேரும் கணுவுக்குக் கால் அங்குலம் மேலே, ஸ்பிரிட்டால் துடைத்த கத்தரியால் வெட்டுங்கள். வெட்டுவாயைப் பாருங்கள், கணுவுக்கு அருகில் தண்டில் வெள்ளைக்கோடு இருந்தால் அங்கிருந்து கிளைக்கும் தளிர் வரியோடு வர வாய்ப்பு அதிகம். கோடில்லாவிட்டால் இன்னும் ஒரு கணு கீழே இறங்குங்கள். தளிர் வர மூன்று முதல் ஆறு வாரமாகும். வெட்டியபின் தண்ணீரைக் குறைத்து, வெளிச்சத்தைக் கூட்டுங்கள். வெளிச்சம் வெள்ளையைப் புதிதாகப் படைக்காது. வரி தண்டின் நுனிமொட்டில் உள்ள செல்களில் இருக்கிறது. அதை அடக்காமல் வெளியே வரவிடுவதுதான் வெளிச்சத்தின் வேலை. முழுப்பச்சையாகிவிட்ட கொடியை எவ்வளவு பிரகாசமான இடத்தில் வைத்தாலும் வரி திரும்பாமல் போவது இதனால்தான்.

முழுவெள்ளையாக வரும் இலை ஒன்றிரண்டு இருந்தால் விட்டுவிடலாம். தொடர்ந்து மூன்று இலை வெள்ளையாகவே வந்தால் அந்தக் கொடியையும் பச்சை கலந்த கணுவரை வெட்டிவிடுங்கள்.

கொடிகள் மூன்றடி தாண்டினால் நுனியில் இரண்டு கணு அளவு கிள்ளிவிடுங்கள். நுனி இருக்கும்வரை அதில் சுரக்கும் ஆக்சின் என்ற வளர்ச்சி ஹார்மோன் பக்கமொட்டுகளை உறங்கவைக்கும். நுனி போனால் அவை விழிக்கும், கொடி அடர்ந்து வரும்.

மொட்டைத் தொட்டியை நிரப்புவது

வெட்டிய கொடியைத் துண்டுகளாக்குங்கள். ஒவ்வொரு துண்டிலும் ஒரு கணுவும் ஒரு இலையும் இருக்க வேண்டும். கணு என்பது தண்டில் சற்றுப் புடைத்து, பழுப்பு நிறத்தில் மருபோல் ஒரு சிறு வேர்முளை நீட்டிக்கொண்டிருக்கும் இடம். அது இல்லாமல் காம்போடு இலையை மட்டும் பறித்துத் தண்ணீரில் போட்டால், மாதக்கணக்கில் பச்சையாகவே இருக்கும், வேர்கூட விடலாம். ஆனால் தளிர் வர மொட்டே அதில் கிடையாது.

வேர்முளை மூழ்கும்படி, இலை நனையாதபடி கண்ணாடிக் குவளையில் வையுங்கள். தண்ணீரை வாரம் இருமுறை மாற்றுங்கள். அழுகலைத் தடுப்பது ஒரு காரணம். தேங்கிய நல்ல தண்ணீரில்தான் டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிடும் என்பது இன்னொரு காரணம். தொட்டியின் தட்டுக்கும் இதே கவனம் தேவை. வெயில் காலத்தில் பத்து முதல் பதினைந்து நாளில் வேர் வரும். வெள்ளை கூடிய துண்டுகளுக்கு ஒரு மாதமும் ஆகும். வேர் இரண்டங்குலம் வந்ததும் நட்டுவிடுங்கள். தண்ணீரிலேயே நீளமாக வளர்ந்த வேருக்கு மண் பழகச் சிரமம். ஆறங்குலத் தொட்டியில் ஆறேழு துண்டு நட்டால்தான் அடர்த்தியாகத் தெரியும்.

வெட்ட மனமில்லாதவர்களுக்கு இன்னொரு வழி. நீளக் கொடியை மேலே தூக்கி, மண்மேல் வட்டமாகச் சுற்றி, கணுக்கள் மண்ணைத் தொடும்படி கொண்டை ஊசியால் குத்தி வையுங்கள். மூன்று நாலு வாரத்தில் கணுதோறும் வேர் பிடித்து, அங்கிருந்து தளிர் கிளம்பும்.

என்ன கோளாறு, ஏன்?

வெள்ளைப் பகுதி மட்டும் பழுப்பாகிறது என்றால் இடத்தைக் கவனியுங்கள். நடுவில் காகிதம்போல் காய்ந்த திட்டு என்றால் வெயில். ஓரத்திலும் நுனியிலும் மட்டும் என்றால் உப்பு அல்லது வறண்ட காற்று. ஏசியின் காற்று நேரே படும் இடத்திலிருந்து நகர்த்துங்கள். மஞ்சள் விளிம்போடு மெத்தென்ற கரும்பழுப்புப் புள்ளி என்றால் ஈரம் அதிகம். எல்லாம் சரியாக இருந்தும் அடியில் உள்ள பழைய இலையின் வெள்ளை முதலில் காய்கிறதா? அது முதுமை, கவலைப்பட வேண்டாம்.

மண் ஈரமாக இருக்கும்போதே செடி துவண்டு, ஒரே வாரத்தில் பல இலைகள் மஞ்சளானால் வேரழுகல். தண்ணீர் போதவில்லை என்று நினைத்து மேலும் ஊற்றிக் கொன்றுவிடுகிறார்கள். உடனே தொட்டியைக் கவிழ்த்து வேரைக் கழுவிப் பாருங்கள். நல்ல வேர் வெளுப்பாக உறுதியாக இருக்கும். அழுகியது கறுத்து, இழுத்தால் தோல் உருவிக்கொண்டு நூல்போல் நடுநரம்பு மட்டும் நிற்கும், நாற்றம் வரும். அழுகியதெல்லாம் வெட்டி, புதுக்கலவையில் சின்னத் தொட்டியில் நடுங்கள். தண்டின் அடியும் மெத்தென்று ஆகிவிட்டால் வேரைக் காப்பாற்ற நேரம் செலவழிக்காமல், மேலே உறுதியாக உள்ள கணுக்களைத் துண்டாக்கித் தண்ணீரில் போடுங்கள்.

மாவுப்பூச்சிக்கு, மருந்துக்கடையில் கிடைக்கும் சர்ஜிக்கல் ஸ்பிரிட்டைக் காது துடைக்கும் பஞ்சுக்குச்சியில் தொட்டுத் துடையுங்கள். பரவியிருந்தால் ஒரு லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீரில் 5 மில்லி வேப்பெண்ணெயும் சில சொட்டுப் பாத்திரம் கழுவும் திரவமும் கலக்கி, மாலையில், இலையின் அடிப்புறமும் நனையத் தெளியுங்கள். ஏழு நாள் இடைவெளியில் மூன்று முறை. முதலில் ஒரே ஒரு இலையில் தெளித்து இரண்டு நாள் பாருங்கள். வெள்ளைப் பகுதி எளிதில் கருகும். இலைப்பளபளப்புக்குத் தேங்காயெண்ணெய் பூசுவது வேண்டவே வேண்டாம், தூசு ஒட்டும். ஈரப் பருத்தித்துணியால் இரு வாரத்துக்கு ஒருமுறை துடைத்தாலே வெளிச்சம் இலைக்குள் போகும்.

குழந்தையும் பூனையும் இருக்கும் வீட்டில்

மணி பிளாண்ட் சேம்பு, கருணைக்கிழங்கு குடும்பத்தைச் சேர்ந்தது. பச்சைக் கருணை ஏன் நாக்கை அரிக்கிறதோ அதே காரணம் இதிலும் உண்டு: ஊசிபோன்ற கால்சியம் ஆக்சலேட் படிகங்கள். கடித்தால் வாய் எரிந்து வீங்கும், எச்சில் ஒழுகும். வாயைத் தண்ணீரில் கொப்பளிக்கவைத்து, வீக்கமோ மூச்சு, விழுங்கும் சிரமமோ இருந்தால் உடனே மருத்துவரிடம் போக வேண்டும். நாய், பூனைக்கும் இதே பாதிப்புதான். கொடி நுனி தரையிலிருந்து நாலடிக்கு மேலேயே நிற்கும்படி கிள்ளிக்கொண்டிருங்கள். சாறு பட்டால் அரிக்கும் தோல் என்றால் கையுறையோடு வெட்டுங்கள்.

இந்தக் கொடியின் சொந்த மண் பிரெஞ்சுப் பாலினீசியாவின் மொரேயா தீவு. இது பூப்பது மிக அரிது. ஆனால் ஒரு கணு மண்ணைத் தொட்டாலே வேர்பிடிக்கும், மரத்தில் ஏறினால் இலை இரண்டடிகூட வளரும். இலங்கை உட்படப் பல வெப்பநாடுகளின் காடுகளில் நுழைந்து மற்றச் செடிகளை மூடிக்கொண்டிருப்பது, வீடுகளிலிருந்து வெளியே போன துண்டுகளின் வழித்தோன்றல்கள்தான். வெட்டிய மிச்சத்தைக் காலிமனையிலோ வாய்க்கால் ஓரத்திலோ எறியாதீர்கள். மொட்டைமாடியில் ஒரு சாக்கின்மேல் பரப்பி, கணுக்கள் சருகாகக் காயும்வரை வெயிலில் போட்டுவிட்டு, பிறகு உரக்குழியில் சேருங்கள்.